லீகல் எய்ட் கிளினிக்: ஆண்டறிக்கையில் ‘சாதனை’ என்று எதை எழுதுவது?

கடைசிவருஷம் (இழையைத் தொடங்கியவர்)

எல்லாருக்கும் வணக்கம். அஞ்சு வருஷச் சட்டப் படிப்பில் கடைசி வருஷம். போன மாசம் எங்கள் கல்லூரி லீகல் எய்ட் கிளினிக்குக்கு, அதாவது இலவச சட்ட உதவி மையத்துக்கு, என்னை மாணவர் பொறுப்பாளராகப் போட்டார்கள். கைக்கு வந்த முதல் வேலையே ஆண்டறிக்கைக்கு ‘கிளினிக்கின் சாதனைகள்’ என்று இரண்டு பக்கம் எழுதித் தருவதுதான். கல்லூரிகளுக்குத் தரம் போடும் நாக் (NAAC) குழு வரப்போகிறது, அதனால் அவசரம்.

மாதிரிக்குப் போன வருஷ அறிக்கையை எடுத்துப் பார்த்தேன். முகாம், பேரணி, வீதி நாடகம், ஓவியப் போட்டி, நவம்பர் 9 சட்டப் பணிகள் தினத்துக்கு உறுதிமொழி. ஒவ்வொன்றுக்கும் ஒரு படம். பேனரைப் பிடித்துக்கொண்டு நடுவில் நாங்கள் நிற்கிறோம். முகாமுக்கு வந்த ஜனம் படத்தின் ஓரத்தில் பாதி வெட்டுப்பட்டு உட்கார்ந்திருக்கிறது.

அப்புறம் முகாம் பதிவேட்டையும் எடுத்தேன். நீளமான கணக்கு நோட்டு. வரிசை எண், பெயர், ஊர், பிரச்சினை, ‘எடுத்த நடவடிக்கை’ என்று கட்டம் போட்டிருக்கிறது. கடைசிக் கட்டத்தில் முதல் வரியில் ‘ஆலோசனை வழங்கப்பட்டது’. அதற்குக் கீழே ஒவ்வொரு வரியிலும் மேற்படிக் குறி. பக்கத்தைப் புரட்டினால் அதிலும் அதே.

அதில் ஒரு வரி மட்டும் எனக்கு நன்றாக ஞாபகம் இருக்கிறது, எழுதினது நானே என்பதால். வயசான ஒரு அம்மா. பாலிதீன் கவருக்குள் காகிதங்களை நாலாக மடித்து வைத்திருந்தார். கணவர் இறந்துவிட்டார், வாரிசுச் சான்று கிடைக்கவில்லை. குடும்ப அட்டையில் அவர் பெயர் ‘சாமி’ என்று முடிகிறது. இறப்புச் சான்றில் அந்தச் ‘சாமி’ இல்லை. “பேரு ஒத்துப்போகலன்னு திருப்பி அனுப்பிட்டாங்க கண்ணு” என்றார். நான் ஒரு தாளில் ‘தாசில்தாரிடம் மனு கொடுக்கவும்’ என்று அழகாக எழுதிக் கொடுத்தேன். அவரைத் திருப்பி அனுப்பியதே அந்த அலுவலகம்தான் என்பது எனக்கு அன்றைக்கு உறைக்கவில்லை.

இப்போது சொல்லுங்கள், இதைச் சாதனை என்று எப்படி எழுதுவது?

---

வாய்தா_வக்கீல்

எழுதும்மா, எழுது. ‘பயனாளிகளின் எண்ணிக்கை’ என்று போட்டு நோட்டில் கடைசி வரிசை எண் என்னவோ அதைப் போட்டுவிடு. எங்க காலத்திலிருந்தே அப்படித்தான்.

கிண்டலை விடு. அந்தம்மா வரியை நீ ஞாபகம் வைத்திருக்கிறாய் பார், அறிக்கை அங்கேதான் ஆரம்பிக்கணும். மற்றதெல்லாம் போட்டோ செலவு.

---

பாடவேளை

சட்டக் கல்லூரி ஆசிரியராக இரண்டு வார்த்தை சொல்லிக்கொள்கிறேன். மாணவர்களை மட்டும் குறை சொல்லிப் பிரயோசனம் இல்லை.

வழக்கறிஞர் தொழிலை ஒழுங்குபடுத்தும் பார் கவுன்சிலின் 2008 சட்டக் கல்வி விதிகள்படி, ஒவ்வொரு கல்லூரியிலும் மூத்த ஆசிரியர் ஒருவரின் மேற்பார்வையில், இறுதியாண்டு மாணவர்கள் நடத்தும் சட்ட உதவி கிளினிக் இருந்தாக வேண்டும். 1987ஆம் ஆண்டின் சட்டப் பணிகள் ஆணையங்கள் சட்டமும் கல்லூரிக் கிளினிக்குகளை ஊக்குவித்து வழிகாட்டும் பொறுப்பைத் தேசிய ஆணையத்துக்குக் கொடுத்திருக்கிறது. காகிதத்தில் குறையே இல்லை.

முடிச்சு வேறு இடத்தில் இருக்கிறது. வழக்கறிஞர்கள் சட்டம் 1961, பிரிவு 29: பதிவு செய்த வழக்கறிஞர் மட்டுமே தொழில் செய்யலாம். ஆக, மாணவர் நீதிமன்றத்தில் நிற்க முடியாது. சரி, மேற்பார்வை பார்க்கும் ஆசிரியர் நிற்கலாமா? முழுநேரச் சம்பளத்தில் இருப்பவர் வழக்கு நடத்தக் கூடாது என்கிறது பார் கவுன்சில் விதி. வழக்கறிஞராக இருப்பவர் ஒரு நாளைக்கு 3 மணி நேரம் வரை சட்டம் கற்பிக்கலாம். முழுநேர ஆசிரியர் வழக்கு நடத்த முடியாது. ஓட்டக் கூடாதவர் ஓட்டக் கூடாதவருக்கு வண்டி ஓட்டக் கற்றுக்கொடுக்கும் கதைதான் எங்கள் கிளினிக். பேரணி ஏன் நடக்கிறது என்றால், அனுமதி கேட்க வேண்டாத வேலை அது ஒன்றுதான்.

கட்டாய நான்கு கிளினிக்கல் (செய்முறை) தாள்களிலும் இதே கதை. மூட் கோர்ட் (மாதிரி நீதிமன்றம்) தாளில் மூட்டுக்கு 30, வழக்கு விசாரணையைக் கவனித்து எழுதுவதற்கு 30, கட்சிக்காரரைப் பேட்டி காண்பதற்கும் டைரிக்கும் 30, வாய்மொழித் தேர்வுக்கு 10. அந்த நடு 30ஐப் பாருங்கள். நீதிமன்றத்தில் உட்காராமலேயே டைரி எழுதுகிற கலை பல வருஷமாக வளர்ந்து நிற்கிறது. திருத்துகிற எனக்குத் தெரியும்.

---

மூட்டுப்பூச்சி

சார், அந்த டைரியைத்தான் நாங்க ‘வரலாற்றுப் புதினம்’னு சொல்லுவோம் 😄

---

கப்பலேறியவள்

முதுநிலை படிக்க அமெரிக்கா வந்து, இங்கே ஒரு கிளினிக்கில் ஒரு செமஸ்டர் இருந்தேன். ‘அங்கே எல்லாம் சொர்க்கம்’ என்று சொல்ல வரவில்லை. ஆனால் பாடவேளை சார் சொன்ன முடிச்சை இங்கே எப்படி அவிழ்த்தார்கள் என்பது தெரிந்துகொள்ள வேண்டிய விஷயம்.

‘கிளினிக்’ என்ற சொல்லே மருத்துவக் கல்வியிலிருந்து கடன் வாங்கியதுதான். ஜெரோம் ஃபிராங்க் 1933லேயே கேட்டுவிட்டார்: டாக்டருக்குப் படிப்பவன் நோயாளியைப் பார்க்காமல் வெளியே வருவதில்லை, சட்டம் படிப்பவன் மட்டும் ஏன் கட்சிக்காரரைப் பார்க்காமல் தீர்ப்புத் தொகுப்பையே படித்துக்கொண்டிருக்கிறான் என்று. முப்பது வருஷத்துக்கு மேல் யாரும் பெரிதாகக் காதில் வாங்கவில்லை. 1968இல் ஃபோர்டு அறக்கட்டளைப் பணத்தில் ஒரு கவுன்சில் தொடங்கி, கிளினிக் நடத்தும் கல்லூரிகளுக்கு நிதி கொடுத்தார்கள். கூடவே மாகாணங்கள் ஒவ்வொன்றாக மாணவர் ஆஜராகும் விதிகளைக் கொண்டுவந்தன. கட்சிக்காரர் எழுதிச் சம்மதிக்க வேண்டும், மேற்பார்வை வழக்கறிஞர் பொறுப்பேற்க வேண்டும், அதற்குள் மாணவர் வாதாடலாம். கிளினிக் ஆசிரியரும் உரிமம் உள்ள வழக்கறிஞர்தான்.

அதனால் என்ன ஆயிற்று என்பதற்கு ஒரு வழக்கு. 1991இல் ஹெய்ட்டியில் ராணுவம் ஆட்சியைப் பிடித்தபின் படகில் தப்பியவர்களை அமெரிக்கா குவாண்டனாமோவில் வைத்திருந்தது. எச்ஐவி இருப்பதாகச் சொல்லி ஒரு பகுதியினரை உள்ளே விடாமல் முள்வேலிக்குள்ளேயே நிறுத்தியது. யேல் சட்டக் கல்லூரி மனித உரிமைக் கிளினிக் மாணவர்கள், ஹரால்ட் கோ என்ற ஆசிரியரோடு சேர்ந்து 1992 மார்ச்சில் வழக்குப் போட்டார்கள். 1993 ஜூனில் புரூக்ளின் நீதிபதி அவர்களை விடுவிக்க உத்தரவிட்டார். ஆனால் அதே மாசம், அதே வழக்கின் இன்னொரு கிளையில், கடலிலேயே மறித்துத் திருப்பி அனுப்புவது செல்லும் என்று உச்ச நீதிமன்றம் 8-க்கு 1 என்று தீர்ப்புச் சொல்லிவிட்டது. இதில் எதைச் சாதனைப் பக்கத்தில் போடுவீர்கள்? இரண்டையும் போடணும் என்பது என் கட்சி.

---

வாய்தா_வக்கீல்

தங்கச்சி சொன்னது நல்ல கதை. ஆனா அதைப் படிச்சிட்டு இங்கே இருக்கிற புள்ளைங்க ‘விதி மாறட்டும், அப்புறம் பாத்துக்கலாம்’னு உட்கார்ந்துடக் கூடாது.

வக்காலத்து இல்லாம செய்யக்கூடிய வேலை எவ்வளவோ கிடக்கு. பெத்தவங்க பிள்ளைங்க கிட்ட பராமரிப்பு கேட்டுப் போற மூத்த குடிமக்கள் தீர்ப்பாயத்தை எடுத்துக்கோங்க. 2007ஆம் ஆண்டுச் சட்டம் பிரிவு 17 வக்கீலே வரக்கூடாதுங்குது. பெத்தவங்க தானே மனு எழுதிக்கிட்டுப் போகணும். எழுதத் தெரியாதவங்க யார்கிட்ட போவாங்க? நுகர்வோர் ஆணையத்திலும் புகார்தாரர் நேரா நின்னு பேசலாம். தகவல் அறியும் உரிமை மனுவுக்கு யார் தயவும் வேண்டாம்.

சிறைக்கு வாங்க. குற்றவியல் நடைமுறைக்கான புதுச் சட்டத்தில், அதான் பிஎன்எஸ்எஸ் பிரிவு 479இல், முதல் தடவை குற்றம்சாட்டப்பட்டவர் அதிகபட்ச தண்டனையில் மூன்றில் ஒரு பங்கு காலம் உள்ளே இருந்துட்டா ஜாமீனுக்குத் தகுதி. மத்தவங்களுக்குப் பாதி. இந்தக் கணக்கை யார் போடுறது? ஒரு தாள், ஒரு ஸ்கேல், ஒரு பென்சில். கைதான தேதி, பிரிவு, அதிகபட்ச தண்டனை, இன்றைய தேதி. அந்தப் பட்டியலை மாவட்ட சட்டப் பணிகள் ஆணைக்குழுவிடம் கொடுத்தா மனுவை அவங்க வக்கீல் போடுவார். ரெண்டாம் வருஷப் பையனே போடக்கூடிய கணக்கு இது.

---

அடிக்குறிப்பு

வக்கீலய்யாவுக்கு இரண்டு திருத்தம், கோபிக்கக் கூடாது.

ஒன்று, 479இல் ‘முதல் தடவை குற்றம்சாட்டப்பட்டவர்’ இல்லை, ‘முன்பு எந்தக் குற்றத்துக்கும் தண்டிக்கப்படாதவர்’. அதோடு மரண தண்டனை, ஆயுள் தண்டனை விதிக்கக்கூடிய குற்றங்களுக்கு அந்தச் சலுகை இல்லை. ஒன்றுக்கு மேற்பட்ட வழக்கு நிலுவையில் இருந்தாலும் இல்லை. ரெண்டாம் வருஷப் பையன் இதைப் பார்க்காமல் பட்டியல் போட்டுக் குடும்பத்திடம் ‘வெளியே வந்துடுவார்’ என்று சொல்லிவிட்டால் அந்த வீட்டில் என்ன நடக்கும் என்று யோசியுங்கள். காலக்கெடு முடிந்ததும் நீதிமன்றத்துக்கு எழுதும் கடமை சிறைக் கண்காணிப்பாளருக்கே உண்டு. பழைய வழக்குகளுக்கும் இந்தப் பிரிவு பொருந்தும் என்று 2024 ஆகஸ்டில் உச்ச நீதிமன்றம் சொல்லியிருக்கிறது. மாணவர் பட்டியலுக்கு இந்த இரண்டும்தான் பலம்.

இரண்டு, மூத்த குடிமக்கள் சட்டத்தின் பிரிவு 17ஐக் கேரள உயர் நீதிமன்றம் 2021இல் செல்லாது என்றிருக்கிறது. எல்லா மாநிலத்திலும் ஒரே நிலை என்று நினைத்துவிடாதீர்கள்.

---

வாய்தா_வக்கீல்

கோபமா? இருபது வருஷமா ஜூனியருங்க கிட்ட எதிர்பார்த்துக் கிடைக்காதது இது. ‘தண்டிக்கப்படாதவர்’தான் சரி, நான் அவசரத்தில் எழுதிட்டேன். கேரளத் தீர்ப்பும் சரி. ஆனா பெரும்பாலான தீர்ப்பாயத்துக்கு இன்னும் அந்தப் பெத்தவங்க தனியாத்தான் போறாங்க, அது உனக்கும் தெரியும்.

---

மனுதாரர்_நான்

நான் சட்டம் படிச்சவன் இல்ல. இழையைப் படிச்சதும் எழுதணும்னு தோணுச்சு.

சில வருஷம் முன்னாடி எனக்குச் சம்பள பாக்கி பிரச்சினை. சட்டக் கல்லூரிப் பிள்ளைங்க முகாம் போட்டப்ப போனேன். ஒரு பொண்ணு ஒன்றரை மணி நேரம் உட்கார்ந்து கேட்டுச்சு. எதை எப்போ யார் சொன்னாங்கன்னு தேதி வாரியா எழுதுச்சு. அதுவரைக்கும் என் கதையை முழுசா யாரும் கேட்டதே இல்ல, நானே எனக்கு முழுசா சொல்லிக்கிட்டதும் இல்ல. அந்த நாலு பக்கத்தை வச்சுக்கிட்டுத்தான் தொழிலாளர் அலுவலகத்துக்குப் போனேன். அங்க இருந்தவர் “இதை யார் எழுதினது?”ன்னு கேட்டார்.

ரெண்டாவது தடவை கல்லூரிக்குப் போனேன். தேர்வு லீவு. மூணாவது தடவை போனப்ப அந்தப் பொண்ணு படிப்பை முடிச்சுட்டுப் போயிருச்சு. புதுசா இருந்த தம்பி மறுபடி முதல்லேருந்து சொல்லச் சொன்னார். நாலு பக்கத்தின் நகல் அங்க இல்ல. நல்ல வேளை எங்கிட்ட இருந்துச்சு.

பாக்கி வந்துச்சு, முழுசா இல்ல. அந்தப் பொண்ணுக்கு அது தெரியாது.

---

கடைசிவருஷம்

அண்ணா, இதைப் படித்துவிட்டுக் கொஞ்ச நேரம் எதுவும் எழுதத் தோன்றவில்லை. எங்கள் நோட்டில் செல்பேசி எண்ணுக்குக் கட்டமே இல்லை என்பதை இப்போதுதான் கவனித்தேன்.

---

பாடவேளை

மனுதாரர் ஐயா சொன்னதுதான் கிளினிக்கின் உண்மையான நோய். செமஸ்டருக்கு ஒரு ஆயுள், வழக்குக்கு ஒரு ஆயுள். இரண்டும் ஒத்துப்போவதே இல்லை.

எங்கள் கல்லூரியில் இரண்டு வருஷமாக ஒன்றைச் செய்து பார்க்கிறோம். ஒவ்வொரு கோப்பிலும் இறுதியாண்டு மாணவர் ஒருவர், மூன்றாமாண்டு மாணவர் ஒருவர் என்று ஜோடி. மேலே இருப்பவர் போனாலும் கீழே இருப்பவருக்கு அந்த முகம் தெரியும். கோப்பின் முதல் தாளில் ‘அடுத்து என்ன, யார், எந்தத் தேதி’ என்ற மூன்று மட்டும். லீவில் ஒரு ஆள் கிளினிக்கில் இருக்க வேண்டும் என்று கேட்டதற்கு நிர்வாகம் இன்னும் பதில் சொல்லவில்லை.

மாணவர்களைச் சட்டப் பணிகள் ஆணைக்குழுவின் சட்டத் தன்னார்வலர் திட்டத்தில் பயிற்சி எடுக்க வைத்ததும் உதவியது. வழக்கறிஞராகப் பதிவு செய்யும் வரை சட்ட மாணவர்கள் அந்தத் திட்டத்தில் இருக்கலாம். அடையாள அட்டையோடு போகும்போது அலுவலகங்களில் நாற்காலி கிடைக்கிறது என்கிறார்கள். சின்ன விஷயம்தான், ஆனால் நின்றுகொண்டே கேட்கும் பதிலும் உட்கார்ந்து கேட்கும் பதிலும் ஒன்றில்லை.

---

மறுபக்கம்

எல்லாரும் நெகிழ்ந்து முடித்துவிட்டீர்கள் என்றால் ஒரு கசப்பான கேள்வி. ஏழைகளின் பிரச்சினை மாணவர்களுக்குப் பயிற்சிப் பொருளா? காசு இருப்பவன் இரண்டாமாண்டு மாணவனிடம் தன் வழக்கைக் கொடுப்பானா?

இன்னொன்று. வக்கீலிடம் சொன்னதை வெளியே சொல்ல வைக்க முடியாது. அந்தப் பாதுகாப்பு சாட்சியச் சட்டத்தில் (இப்போது பிரிவு 132) வழக்கறிஞருக்கும் அவரிடம் வேலை பார்ப்பவர், மொழிபெயர்ப்பாளருக்கும் இருக்கிறது. வழக்கறிஞரே இல்லாத ஒரு முகாமில், மாணவர் முன்னால் ஒருவர் மனசைக் கொட்டினால் அந்தப் பாதுகாப்பு எங்கே? நோட்டில் பெயர், ஊர், பிரச்சினை எல்லாம் அடுத்து உட்கார்ந்திருப்பவர் படிக்கும்படி எழுதுகிறீர்கள். கணவன் அடிக்கிறான் என்று சொல்ல வந்தவர் முந்தின வரிகளைப் பார்த்துவிட்டு ‘ஆதார் திருத்தம்’ என்று சொல்லிவிட்டு எழுந்து போவார். போயிருக்கிறார், நான் பக்கத்தில் இருந்தேன்.

---

கப்பலேறியவள்

முதல் கேள்விக்கு என்னிடம் சுத்தமான பதில் இல்லை. என் கிளினிக்கில் ஆசிரியர் ஒருவருக்கு எட்டு மாணவர்கள். நான் எழுதிய கடிதம் ஒன்றை ஐந்து முறை திருப்பிக் கொடுத்தார், ஐந்தாவது தடவை ஒரு காற்புள்ளிக்காக. அந்த அளவு மேற்பார்வை இருந்தால், நேரமில்லாத வக்கீலைவிட மாணவரே மேல் என்று சொல்லத் துணிவேன். இல்லாவிட்டால் நீங்கள் சொல்வதுதான் சரி.

நோட்டு விஷயத்தில் வாதமே இல்லை. ஆளுக்கு ஒரு தனித்தாள், நாளைக்கே மாற்றலாம்.

---

அடிக்குறிப்பு

தொடங்கியவருடைய அந்த ‘சாமி’ விஷயத்துக்குத் திரும்புகிறேன். பெயர் ஒத்துப்போகாததைச் சில்லறை வேலை என்று நினைக்கிறவர்களுக்காக.

டெல்லி தேசியச் சட்டப் பல்கலைக்கழகத்தில் ‘புராஜெக்ட் 39ஏ’ என்று ஒரு குழு இருந்தது. இலவச சட்ட உதவி பற்றிய அரசமைப்பின் 39ஏ பிரிவிலிருந்து வந்த பெயர் அது. மாணவர்கள் நாடு முழுக்கச் சிறைகளுக்கும் வீடுகளுக்கும் போய், மரண தண்டனைக் கைதிகளிடமும் குடும்பங்களிடமும் பேசி, 2016இல் அறிக்கை வெளியிட்டார்கள்.

அவர்கள் உதவி செய்த ஒரு வழக்கில் 2023 மார்ச்சில் தீர்ப்பு வந்தது. 1994இல் புனேயில் நடந்த கொலைகளுக்காக மரண தண்டனை பெற்றவர். 28 வருஷத்துக்கு மேல் சிறை. சம்பவத்தின்போது அவருக்கு 12 வயது 6 மாதம் என்று உச்ச நீதிமன்றம் ஏற்று விடுதலை செய்தது. ஆதாரம் ராஜஸ்தானில் ஒரு பள்ளிப் பதிவேடு. சிக்கல் என்னவென்றால் வழக்குக் கோப்பில் ஒரு பெயர், பள்ளியில் வேறு பெயர். இரண்டும் ஒரே ஆள்தான் என்று காட்டுவதில்தான் எல்லாமே நின்றது.

---

மூட்டுப்பூச்சி

பன்னிரண்டரை வயசு.

---

கடைசிவருஷம்

அடிக்குறிப்பு, நன்றி. அறிக்கையை எப்படி எழுதுவது என்று முடிவு செய்துவிட்டேன். நடந்த முகாம்களை ஒரே பத்தியில் முடிப்பேன். மீதி இடத்தில் நோட்டில் எத்தனை வரி, அதில் எத்தனை பேருக்கு அப்புறம் என்ன ஆயிற்று என்று எங்களுக்குத் தெரியும், எத்தனை பேருக்குத் தெரியாது என்று போடப்போகிறேன். பொறுப்பாசிரியரிடம் காட்டினேன். நீண்ட நேரம் பார்த்துவிட்டு, “தெரியாதுங்கிறதை நாக் குழுவுக்குக் காட்டணுமா?” என்றார். வேண்டாம் என்று மட்டும் சொல்லவில்லை.

இன்னொன்று. ஊர்ப்பெயர் நோட்டில் இருந்ததால் நேற்று ஜூனியர் ஒருத்தியைக் கூட்டிக்கொண்டு போய் விசாரித்துக் கண்டுபிடித்துவிட்டோம். அந்தம்மா என்னை அடையாளம் கண்டுகொள்ளவில்லை. ஆனால் நான் எழுதிக் கொடுத்த தாளை அதே கவரில் வைத்திருந்தார். வாரிசுச் சான்று இன்னும் வரவில்லை.

வக்கீல் சார், இப்போது எங்கேயிருந்து ஆரம்பிப்பது?

---

வாய்தா_வக்கீல்

தாசில்தாரை இப்போதைக்கு மறந்துடும்மா. தப்பு இருப்பது இறப்புச் சான்றில், அதனால் பதிவாளர்கிட்டேயிருந்து ஆரம்பி. பிறப்பு இறப்புப் பதிவுச் சட்டம் 1969, பிரிவு 15. பதிவில் தப்பு இருந்தால் திருத்தலாம். விவரம் தெரிந்த, நம்பத் தகுந்த இரண்டு பேர் ‘இதுதான் தப்பு, இதுதான் சரி’ என்று உறுதிமொழி கொடுக்கணும். அக்கம்பக்கத்தில் அவரை ரெண்டு பெயராலும் கூப்பிட்டுப் பழகினவங்களாப் பாரு. குடும்ப அட்டை, வாக்காளர் அட்டை, பழைய பத்திரம் ஏதாவது இருந்தா அதில் என்ன பேர் இருக்குன்னு ஒரு தாளில் வரிசையாப் போடு.

அந்தம்மாவுக்கு வருமான வரம்பெல்லாம் பார்க்க வேண்டாம். சட்டப் பணிகள் ஆணையங்கள் சட்டம் பிரிவு 12இல் பெண் என்றாலே இலவச சட்ட உதவிக்குத் தகுதி உண்டு. வட்ட சட்டப் பணிகள் குழுவுக்கு ஒரு விண்ணப்பம் போட்டு வை, பதிவாளர் முரண்டு பிடிச்சா வக்கீல் தயாராக இருப்பார்.

மனு எழுதி முடிச்சதும் நகல் எடுத்துக்கோ. ஒன்று அவர் கவரில், ஒன்று உங்க கோப்பில். ஒப்புகைச் சீட்டு வாங்காமத் திரும்பாதே. உன்கூட வந்த அந்த ஜூனியர் பொண்ணையே மனுவைக் கையில் எடுத்துக்கிட்டுப் போகச் சொல்லு.